எல்லைக்கல்லும் வடிகாலும்
தோட்டம் வீட்டுமனையாக மாறும் வரலாறு

மலேசியாவில் பால்மரக் காடு ஒன்று வீடமைப்புப் பகுதியாக மாறுவதைக் கண்ணாரக் காணாத தமிழர் சிலரே இருப்பர். ஆண்டாண்டுக் காலமாக நின்ற மரங்கள் சாய்கின்றன. லயங்கள் இருந்த இடம் தெரியாமற் போகின்றன. செம்மண் வெளியிலே புல்டோசர்கள் உறுமுகின்றன. சில ஆண்டுகளில் அங்கே ஒரே அச்சில் வார்த்தாற்போல வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குப் புல்டோசரே முதலில் வந்ததாகத் தோன்றும். உண்மை அதுவன்று. அதற்கு நெடுநாள் முன்னரே முக்காலி ஒன்றைத் தோளிற் சுமந்துகொண்டு மூன்று நான்கு பேர் அங்கு வந்து, பாராங்குக் கத்தியால் புதர்களை வெட்டிப் பார்வைக்கு வழி செய்து, எதையோ பார்த்து, எதையோ குறித்துக்கொண்டு போயிருப்பர். அவர்களே நில அளவையாளர். அவர்கள் குறித்துக்கொண்டு போன எண்களின்மீதுதான் பின்னர் எழும் ஒவ்வொரு வீடும் நிற்கிறது.

வீடு வாங்கச் செல்வோர் சுவரின் வண்ணத்தைப் பார்க்கின்றனர். சமையலறை போதுமா என்று பார்க்கின்றனர். பள்ளிக்கூடமும் பேருந்தும் அருகில் உண்டா என்று விசாரிக்கின்றனர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அவர்கள் பணம் கொடுத்து வாங்குவது முதற்கண் நான்கு எல்லைக்கற்களுக்கு இடைப்பட்ட மண். அந்தக் கற்கள் எங்கே நிற்கின்றன, அந்த மண் மழைக்காலத்தில் என்ன செய்யும் என்னும் இரண்டு கேள்விகளை வாய்திறந்து கேட்பவர் அரியர். முதற்கேள்விக்கு விடை சொல்பவர் நில அளவையாளர். இரண்டாவதற்கு விடை சொல்பவர் கட்டுமானப் பொறியாளர்.

சங்கிலியும் கோணமும்

நிலத்தை அளப்பது என்றால் நீளத்தையும் கோணத்தையும் அளப்பது, அவ்வளவே. நீளத்தை அளக்க ஆங்கிலேயர் கைக்கொண்ட கருவி, எட்மண்ட் கண்டர் என்னும் கணித அறிஞர் 1620ஆம் ஆண்டையொட்டி வகுத்த சங்கிலி. அதன் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். அறுபத்தாறு என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றலாம். ஆயின் அதிலே ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சங்கிலி நீளமும் பத்துச் சங்கிலி அகலமும் உடைய நிலம் சரியாக ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. எண்பது சங்கிலி ஒரு மைல். பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் தசமப் புள்ளியை நகர்த்தியே ஏக்கரைக் கண்டுவிடலாம்.

சங்கிலி நைந்து நீளும் என்பதால், பின்னர் உருக்கு நாடா வந்தது. உருக்கும் முழுக்க நம்பத்தக்கதன்று. காலைக் குளிரில் அளந்த 50 மீட்டர் நாடா, நண்பகலில் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு நாடாவுக்கு அது அற்பம். ஆனால் தோட்டத்தின் எல்லை நெடுக நாடாவை நூறு முறை நீட்டினால் பிழையும் நூறு மடங்காகும். அதனாலேயே பழைய அளவையாளர் நாடாவோடு வெப்பமானியையும் எடுத்துச் சென்றனர். இன்று அந்தத் தொல்லை இல்லை. முக்காலியின்மேல் இருக்கும் கருவி ஓர் ஒளிக்கதிரை அனுப்புகிறது. எதிரே மற்றொருவர் பிடித்திருக்கும் கண்ணாடி அதைத் திருப்புகிறது. போய்வந்த ஒளியைக் கொண்டு தொலைவைக் கருவியே கணித்துக்கொள்கிறது.

கோணத்தை அளப்பது தியோடலைட். இதிலே அளவையாளர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் வழி மிக அழகானது. ஐந்து மூலைகள் உடைய ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். அது எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 பாகையாகவே இருக்க வேண்டும். அளந்து கூட்டியபோது 540 பாகை 20 விகலை வருமாயின், மிகையான 20 விகலையை ஐந்து மூலைகளுக்கும் நான்கு நான்காகப் பங்கிட்டுக் கழித்துவிடுவர். கூட்டுத்தொகை பெரிதும் விலகினாலோ மறுபடியும் காட்டுக்குத்தான் போக வேண்டும். நீளத்துக்கும் இத்தகைய சோதனை உண்டு. ஒரு கல்லிலிருந்து புறப்பட்டு நிலத்தைச் சுற்றி வந்தால், கணக்கும் புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர வேண்டும். அணுவளவும் பிசகாமல் சேர்வது மனிதனால் ஆகாது. ஆதலால் எவ்வளவு விலகலாம் என்று வரம்பு கட்டியிருக்கின்றனர். மலேசியாவில் முதல்தர அளவைக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு 8,000க்கு 1. அதாவது 4,000 அடி சுற்றி வந்தால் அரை அடிக்குமேல் விலகக் கூடாது.

இவ்விடத்தில் மக்கள் அடிக்கடி மயங்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மேட்டு நிலம் வாங்கியவர் தம் மனையைக் காலடியால் அளந்து பார்த்து, "நடந்தால் நூறடி வருகிறது, கிராண்டில் எண்பத்தாறடிதானே போட்டிருக்கிறது!" என்று குறைப்படுவதுண்டு. ஏமாற்று ஏதும் இல்லை. கிராண்டில் குறிக்கப்படும் அளவு சரிவின்மேல் அளந்த அளவன்று; கிடைமட்டத்தில் கணித்த அளவு. முப்பது பாகை சரிவில் நூறடி நடந்தால், கிடையாக 86.6 அடியே முன்னேறியிருப்போம். மழை விழும் பரப்பும், வீட்டின் தளம் அமரும் பரப்பும் அந்தக் கிடைப்பரப்பே.

பரங்கிமலையிலிருந்து பகாங் வரை

சிறு நிலங்களைத் தனித்தனியே அளந்தால் போதாது. அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நாடு முழுவதையும் முதலில் பெரிய முக்கோணங்களாகக் கட்டி, அவற்றுக்குள்ளே சிறு அளவைகளை அடக்குவதே அதற்கு வழி. மலாயாவின் இந்த முக்கோண அளவைக்குத் தமிழ் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்னும் படையதிகாரி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்தே பிறந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய படங்கள் 400 மைல் காட்டின; லாம்டன் அளந்தபோது 360 மைலே வந்தது. அவருடைய பெரிய தியோடலைட்டின் எடை ஏறக்குறைய அரை டன். 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு ஆறு வார காலம் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். உலகளந்த கோல் என்ற பெயரைக் கல்வெட்டுகளில் விட்டுச்சென்ற சோழர் மண்ணில், முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயிலின்மேல் இது நிகழ்ந்தது வேடிக்கையே.

லாம்டனுக்குப் பின் அப்பணியை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அந்த அளவைகளைக் கொண்டு அவர் 1830இல் கணித்த பூமியின் வடிவமே, சிறிது திருத்தத்துடன், மலாயாவின் அளவைக்கும் ஆதாரமாயிற்று. தீபகற்பத்தின் மூலப்புள்ளியாகப் பகாங்கிலுள்ள கெர்த்தாவ் அமைந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தொடக்கப் புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டது. 2003இல் துணைக்கோள்களோடு இசைந்த புதிய மூலத்துக்கு மலேசியா மாறியது. இப்போது எல்லைக்கல் ஒன்று மண்ணுக்குள் புதைந்து போனாலும், அதன் எண்களைக் கொண்டு இருந்த இடத்தைச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கண்டுகொள்ளலாம். அதனால் கல்லுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதென எண்ணலாகாது. கல்லைக் காப்பது நில உடைமையாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. வேலி போடும்போது இடையூறாக இருக்கிறதென்று அதைப் பிடுங்கி ஓரமாக வைப்பவர், தம் உரிமையின் சாட்சியைத் தாமே பிடுங்கி எறிந்தவராவார்.

கிராண்டின் வலிமை

இங்கிலாந்தில் ஒருவர் நிலம் வாங்கினால், விற்பவருக்கு அந்நிலம் எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பழம் பத்திரங்களை மூட்டையாக ஆராய வேண்டியிருந்தது. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் இதை வெட்டி எறிந்தார். 1858இல் நடைமுறைக்கு வந்த அவர் சட்டப்படி, அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. இம்முறை மலாய் மாநிலங்களுக்கு வந்து, 1966 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தில் தீபகற்பம் முழுமைக்கும் நிலைபெற்றது. சபாவும் சரவாக்கும் தத்தமக்கெனத் தனிச்சட்டம் உடையவை.

பெயரை மட்டும் பதிவு செய்தால் என்ன பயன்? எந்த நிலம் என்று ஐயமறத் தெரிய வேண்டும் அல்லவா? அங்குதான் அளவையாளர் சட்டத்துக்குள் நுழைகிறார். எல்லைகள் நேர்கோடுகளால் வரையறுக்கப்பட்டு, மூலைகளில் கற்கள் நடப்பட்டு, லாட் எண் இடப்பட்டு, நில அளவை இலாகா ஒப்பிய வரைபடம் உருவான பின்பே அந்நிலம் அளக்கப்பட்டதாகக் கருதப்படும். இப்பணியைச் செய்யும் தனியார் அளவையாளர் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

அளவை முடிவதற்கு முன்னரே கொடுக்கப்படும் தற்காலிகக் கிராண்டு ஒன்று உண்டு. உரிமையில் அதற்கும் நிலையான கிராண்டுக்கும் வேறுபாடில்லை. விற்கலாம், அடகு வைக்கலாம். ஆனால் எல்லை உறுதியானதன்று. அதைத் துண்டு போடவோ வேறு நிலத்தோடு சேர்க்கவோ இயலாது. வீடு வாங்கிய பின் நிலையான கிராண்டு வரும்போது பரப்பளவு சிறிது கூடியும் குறைந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். வீட்டு விற்பனை ஒப்பந்தத்தில் இந்த வேறுபாட்டுக்கு விலையைச் சரிசெய்யும் விதி ஒன்று இருக்கும். கையெழுத்திடும் முன் அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

சட்டத்தின் மற்றொரு முகம் கடுமையானது. பிறர் நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அக்காரணத்தால் அந்நிலம் குடியிருப்பவருக்கு உரியதாகாது என்று அச்சட்டத்தின் 341ஆம் பிரிவு கூறுகிறது. அரசாங்க நிலத்துக்கும் அவ்வாறே. இவ்வொரு விதி தோட்டத் தமிழர் வாழ்வில் செய்த மாற்றம் கொஞ்சநஞ்சமன்று.

வரைபடத்தில் இல்லாத கோயில்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்த நெருக்கடியிலேதான். பின்னர் 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவும் துண்டாடவும் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி நிலச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது.

துண்டாடல் என்பது அளவையாளரின் மேசையில் ஒரு படத்தின்மேல் கோடு போடும் செயல். அந்தப் படத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே கேள்வி. மூன்று தலைமுறை வாழ்ந்த லயம் அதில் தனி லாட்டாக இராது. அது தோட்டக் கம்பெனியின் ஒரே லாட்டுக்குள் அடங்கிய ஒரு கட்டடம். ஆண்டுதோறும் தீமிதி நடந்த மாரியம்மன் கோயிலும் அப்படியே. அன்றைய மேனேஜர் வாய்மொழியாக இடம் கொடுத்திருப்பார். கங்காணியும் தொழிலாளரும் சம்பளத்திற் பிடித்துக் கட்டியிருப்பார்கள். பக்தியில் குறைவில்லை, பத்திரந்தான் இல்லை. தோட்டம் கைமாறிக் கட்டட நிலமாக மாற்றப்படும் நாளில், புதிய உரிமையாளரின் வரைபடத்தில் அந்த இடத்தில் சாலையோ கடைவரிசையோ வந்து நிற்கிறது. தமிழ்ப்பள்ளிகள் பலவும் இதே நிலையில் இருந்தவையே. நிலம் கம்பெனியினுடையது என்பதனாலேயே அவை நெடுங்காலம் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகளாக நின்றன.

இதற்குத் தொழில்முறையில் மருந்து இல்லாமல் இல்லை. தோட்டம் விலைபேசப்படும் முன்னரே, கோயிலோ பள்ளியோ நிற்கும் நிலத்தை அளவையாளரைக் கொண்டு அளந்து, உரிமையாளர் சம்மதத்துடன் தனி லாட்டாகப் பிரித்து, நில அலுவலகத்தில் பதிந்து, உரிய அமைப்பின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். பிரிப்பதற்கு மனுக் கொடுக்கக்கூடியவர் பதிவு பெற்ற உரிமையாளர் ஒருவரே. ஆகவே அவர் நல்லெண்ணத்தோடு இருக்கும் காலத்தில் செய்துகொண்டால் எளிது. புல்டோசர் வந்த பிறகு கூட்டம் போடுவது கடினம்.

நிலம் விவசாயம், கட்டடம், தொழில் என மூவகை. தோட்டத்தில் வீடு கட்ட வேண்டுமாயின் முதலில் வகையை மாற்றி மாநில அரசாங்கத்துக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். அதன் பின்பே சாலை, வடிகால், விளையாட்டுத் திடல் இவற்றுக்கு இடம் ஒதுக்கி மனைகளை வெட்டுவர். இருபதுக்கு எழுபது என்று மக்கள் சொல்லும் வரிசை வீட்டு மனை 1,400 சதுர அடி.

நீரை மறந்தவர் கதை

இனிப் பொறியாளரின் பணி. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமதளம் ஆக்குவது கேட்பதற்கு எளிது. ஆனால் வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் ஒன்றல்ல. இயற்கையாய்க் கிடந்த மண் பல்லாயிரம் ஆண்டு இறுகியது. கொட்டிய மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி உருளையால் இறுக்காவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் தாழும். வீட்டின் முன்பாதி வெட்டிய மண்ணிலும் பின்பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் சமையலறை மட்டும் பிரிந்து விலகுவதைப் பலர் பார்த்திருப்பர். ஈய லம்பத்தின் சேறு புதைந்த நிலம் வேறு வகைத் தொல்லை. கோலாலம்பூரின் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையோ குகையும் கூரும் நிறைந்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்ட நேர்ந்தது.

மண்ணைவிடப் பெரிய பகைவன் நீர். பத்து ஹெக்டேர் பால்மரத் தோட்டத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரமும் சருகும் மண்ணும் பெரும்பங்கை உறிஞ்ச, நூற்றுக்கு நாற்பது பங்கு ஓடுமாயின், வினாடிக்கு 1.1 கனமீட்டர் நீர் வெளியேறும். அதே இடத்தைக் கூரையும் தாரும் சிமெந்தும் மூடி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஓடினால் 2.5 கனமீட்டர். பழைய ஓடை அதே ஓடைதான். கீழே இருக்கும் கம்பத்தில் ஏன் வெள்ளம் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 2001 முதல் மலேசியாவில் புதிய வீடமைப்புகள் மழைநீரைத் தேக்கிவைத்து மெல்ல விடும் குளங்களை அமைக்க வேண்டும் என வற்புறுத்தப்படுவது இக்கணக்கை ஒட்டியே.

சரிவில் கட்டுமிடத்தில் நீரை மறந்தால் நேர்வது வெள்ளம் மட்டுமன்று. சிலாங்கூர் உலு கிள்ளானில், மலையடிவாரத்தில் 1970களின் பிற்பகுதியில் எழுந்தவை ஹைலண்ட் டவர்ஸ் எனும் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள். பின்புறக் குன்று படிப்படியாக வெட்டப்பட்டுத் தடுப்புச் சுவர்களால் தாங்கப்பட்டது. குன்றிலிருந்து இறங்கிய ஓடை ஒன்று குழாய்வழியே திசைதிருப்பப்பட்டது. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை நண்பகல் கடந்து, தொடர்மழைக்குப் பின், முதல் கட்டடம் அடியோடு சாய்ந்தது. 48 பேர் மாண்டனர்.

2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பு அதன் காரணத்தை விரிவாக ஆராய்ந்தது. கார் நிறுத்துமிடத்தின் பின்னே இருந்த உயரமான தடுப்புச் சுவர் முதலில் தளர்ந்தது. ஆதாரம் போனதும் அதன் மேலிருந்த மண் சரிந்தது. அதன் ஆதாரம் போனதும் அதற்கும் மேலிருந்தது சரிந்தது. இவ்வாறு சரிவு கீழிருந்து மேலாகப் படர்ந்தது. தளர்ச்சிக்கு மூலம், வடிகால் சரிவர இல்லாத குன்றில் ஊறிய நீர். கட்டடத்தைத் தாங்கிய தண்டவாள இரும்புக் கடைக்கால்கள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க வல்லவை; பக்கவாட்டில் தள்ளிய மண்ணை அவை எதிர்க்கவில்லை. கட்டடத்தின் பொறியாளர் கட்டடத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதன் பின்னிருக்கும் மலையையும் பார்க்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உயிர்நிலை. உரிமையாளர், பொறியாளர் முதலிய பலர்மீதும் பொறுப்பு சுமத்தப்பட்டது. நகராண்மைக் கழகமோ 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் ஒரு பிரிவு தரும் காப்பினால் பொறுப்பினின்று விடுபட்டது என 2006இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. அத்தகைய காப்பு ஊராட்சிக்கு வேண்டுமா என்ற வினா அதன் பின்னும் ஓயவில்லை. ஓயவேண்டிய வினாவும் அன்று.

எஞ்சிய இரு கட்டடங்களிலும் குடியிருந்தோர் வீட்டையும் கடனையும் ஒருங்கே சுமந்துகொண்டு வெளியேறினர். கிராண்டு செம்மையாக இருந்தது, எல்லைக்கற்கள் இருந்த இடத்தில் இருந்தன, குடியிருக்கத்தான் முடியவில்லை. அதே வட்டாரத்தில் 2002 நவம்பரிலும் 2008 டிசம்பரிலும் மறுபடி மண் சரிந்தது.

இப்போது சரிவுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றனர். 15 பாகைக்குக் குறைந்தது முதல் வகுப்பு. 25 வரை இரண்டாவது. 35 வரை மூன்றாவது. அதற்கு மேற்பட்டது நான்காவது. வகுப்பு ஏற ஏற மண் ஆராய்ச்சியும் கட்டுப்பாடும் கூடுகின்றன. இந்த வகுப்பைத் தீர்மானிப்பதும், தொடக்கத்தில் முக்காலியோடு வந்த அளவையாளர் வரைந்த உயரக் கோட்டுப் படமே.

மேட்டுப் பகுதியில் வீடு பார்க்கப் போகிறவர் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது நலம். தடுப்புச் சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். சுவருக்குப் பின் ஊறும் நீர் வடிவதற்காக வைத்தவை அவை. அவற்றின் வழியே தெளிந்த நீர் கசிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது. பெருமழைக்குப் பின்னும் துளைகள் உலர்ந்து கிடந்து, சுவர் மட்டும் ஈரம் பாய்ந்து வயிறு தள்ளியிருந்தால், துளைகளை யாரோ சிமெந்து பூசி அடைத்திருக்கக்கூடும். அழகுக்காக அப்படிச் செய்வோர் உண்டு.